விமானம் ஏறவிடாமல் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணத்தை எழுத்தில் தர மறுப்பது சட்டப்படி சரியா?

கொருக்குப்பேட்டை அக்கா கேட்டது:

இங்கே வழக்குரைஞர்களும் விமான நிலையப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் எழுதுவதைப் பல மாதங்களாக வாசித்து வருகிறேன். என் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்பதற்காக இன்று முதன்முறையாக எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி வெல்டர். எண்ணூர், மணலிப் பக்கத்துப் பட்டறைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு, சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. தொழில் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் முடிந்து, அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போன பிறகு, சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு விமான நிலையத்துக்குப் போனான். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் பயணச்சீட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட்டார். பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸும் கொடுத்துவிட்டார்கள். இமிக்ரேஷன் கவுண்டரில் இருந்த அதிகாரி மட்டும் திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்; பிறகு இன்னொருவரை அழைத்து, அவனை ஓர் அறையில் உட்கார வைத்தார்.

ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "உன் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன குறிப்பு, யார் கொடுத்தது, எந்த வழக்கு என்று கேட்டதற்கு, அதைச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றார்கள். உரிய காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார்களாம். அந்த நேரத்தில் அனுப்ப ஆள் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்ததாம். கடைசியில் விமானம் போன பிறகு, பாஸ்போர்ட்டில் அடித்த முத்திரையை ரத்து செய்து, "வீட்டுக்குப் போ, ஸ்டேஷனில் கேட்டுக்கொள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் தரவில்லை. தேடப்படும் குற்றவாளி என்றால் ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? குற்றவாளி இல்லை என்றால் ஏன் விமானத்தில் ஏறவிடவில்லை?

நிலையத்தில் முதல் இரண்டு நாள் அப்படி எதுவுமே இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு தலைமைக் காவலர் பழைய பதிவேட்டைப் புரட்டி, 2017ஆம் ஆண்டு வழக்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஒன்பது நாட்களாகக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை, லாரியும் வரவில்லை. பெண்கள் காலிக்குடங்களைப் போட்டுச் சாலையில் உட்கார்ந்தோம். வேலை முடிந்து வந்த தம்பி அம்மாவுக்குத் துணையாக வந்து நின்றான். எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, பெயர் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு, மதியம் எலுமிச்சைச் சாதமும் கொடுத்து, மாலை ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றே நினைத்தோம். மறு ஆண்டு எங்கள் குடியிருப்பையே காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு அங்கே தாக்குப்பிடித்துவிட்டு, வேலை இங்கே இருப்பதால் கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு வந்துவிட்டோம். இதற்கிடையில் ஒரு சம்மன்கூட எங்கள் கைக்கு வரவில்லை.

அப்பாவோ, நாட்டின் பாதுகாப்புக்காகத்தானே செய்கிறார்கள், நாம் பொறுத்துப் போக வேண்டும் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவனை எட்டு ஆண்டு கழித்து விமான நிலையத்தில் நிறுத்துவதற்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? அரசு தன் எல்லையைத் தாண்டிவிட்டதா, அல்லது சட்டமே இப்படித்தான் இருக்கிறதா?


ஓய்வுபெற்ற காக்கி எழுதியது:

தங்கையே, நடந்தது வருத்தத்துக்குரியது. நான் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் விமான நிலையங்களிலேயே கழிந்தது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் துப்பாக்கியோடு நின்றவரும், உடலைத் தடவிச் சோதிப்பவரும் எங்கள் படையினர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் குடிவரவுப் பணியகத்தைச் சேர்ந்தவர். சிவப்பு வழி, பச்சை வழி என்று நிற்பவர்கள் சுங்கத்துறையினர். பயணிக்கு எல்லாமே ஒரே அரசாங்கம்தான் என்பது உண்மை. ஆனால் உங்கள் தம்பியை நிறுத்தியது பாதுகாப்புச் சோதனை அன்று. அந்தக் கணினியில் பெயர் ஏற்றியது ஏதோ ஒரு காவல் அலுவலகம்.

இதை எழுதக் காரணம், விமான நிலையச் சோதனை முழுவதுமே அடக்குமுறை என்ற பேச்சு இப்போது பரவலாகிவிட்டது. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டியில் இருந்த குண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது உயிர்கள் போயின. மறு ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்துச் சிதறியது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் இருந்து கிளம்பிய விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதன் பிறகுதான் மாநிலக் காவல்துறையின் கையில் இருந்த விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக எங்கள் படையிடம் வந்தன. 2000ஆம் ஆண்டு ஜெய்ப்பூர்தான் முதலாவது. நாங்கள் பெல்ட்டைக் கழற்றச் சொல்வது அமைச்சரின் உறவினருக்கும் வெல்டருக்கும் ஒன்றுதான். (அமைச்சருக்கு விலக்குப் பட்டியல் உண்டு, அதை மறைக்கவில்லை.) அந்தச் சோதனையில் யாருடைய பழைய கதையும் கேட்கப்படுவதில்லை, பையில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

பையில் குண்டு இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, பிறகு கண்ணீர் விட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சட்டம் கடுமையாக இருக்க வேண்டிய இடம் அது என்பதே என் கருத்து. ஆனால் காரணம் கேட்டவருக்குக் காரணம் சொல்லாமல் அனுப்பியது முறையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வேலையில் ஒரு பேனாக்கத்தியை எடுத்து வைத்தால்கூட அது பயணியின் கண்ணெதிரே நடக்கும்.


பாரிமுனை வழக்குரைஞர் எழுதியது:

அக்கா, முதலில் உங்கள் தம்பிக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தத்துவத்துக்குப் பிறகு வருவோம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நடந்தது இப்படி இருக்கலாம். மறியலுக்கு அப்போது வழக்கமாகப் போட்டது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 ஆகிய பிரிவுகள்: சட்டவிரோதக் கூட்டம், வழிமறித்தல், அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல். காவல்துறை பின்னாளில் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்திருக்கும். நீதிமன்றம் சம்மன் அனுப்பியிருக்கும். அந்தச் சம்மன் இடிக்கப்பட்ட வீட்டின் விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும். ஆஜராகாததால் பிடிவாரண்டு பிறந்திருக்கும். நீதிமன்றம் பிறப்பித்த வாரண்டு, நிறைவேற்றப்படும் வரை அல்லது அந்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். அதற்கு வயது கிடையாது. வாரண்டு நிலுவையில் உள்ளவர் வெளிநாடு போய்விடக்கூடும் என்று யாரோ ஓர் அதிகாரி கருதியதால், எல்லோரும் லுக் அவுட் நோட்டீஸ் என்று சொல்லும் சுற்றறிக்கை போயிருக்கும். அரசே குடும்பத்தை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேற்றுகிறது. அதே அரசின் இன்னொரு கை பழைய விலாசத்தில் தேடிவிட்டு, ஆள் தலைமறைவு என்று எழுதுகிறது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன குடும்பங்களில் இப்படி எத்தனை வாரண்டுகளை நானே திரும்பப் பெற்றுத் தந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இணையவழி நீதிமன்றத் தளத்தில் காவல் நிலையத்தின் பெயர், முதல் தகவல் அறிக்கையின் எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்தால் வழக்கு எந்த நடுவர் மன்றத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தம்பி தானாகவே அங்கே ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெற மனுச் செய்யட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 70(2), புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72(2). பழைய விலாசத்தில் வீடு இல்லை என்பதற்கு, பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள். அடுத்து, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியைப் பாருங்கள். நான் சொன்ன மூன்று பிரிவுகளிலும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாது. ஓராண்டுக்கு மிகாத சிறைத்தண்டனை உள்ள குற்றத்தை, நடந்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். காரணமே காட்டாமல் கோப்பில் எண் இட்டுவிடுவதும் நடக்கிறது. 188ஐப் பொறுத்தவரை, காவல்துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அரசு ஊழியர் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு ஜீவானந்தம் வழக்கில் நம் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இவற்றைக் கொண்டு வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம்.

ஓர் எச்சரிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்நூறோ ஆயிரமோ அபராதம் கட்டிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று நீதிமன்ற வாசலில் சிலர் சொல்வார்கள். முடியும். ஆனால் இனி ஒவ்வொரு விசா படிவத்திலும் "தண்டனை பெற்றதுண்டா" என்ற கட்டத்தில் உங்கள் தம்பி "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. நாட்டை விட்டு வெளியே செல்வது அரசு போடும் பிச்சை அன்று. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்றது. அதனால்தான் அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே வந்தது. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலன் கருதி என்று சொல்லி முடக்கி, காரணத்தைத் தர மறுத்தார்கள். மறு ஆண்டு வந்த தீர்ப்பு, நியாயமான நடைமுறை இல்லாமல் அந்த உரிமையைத் தொட முடியாது என்றது. லுக் அவுட் நோட்டீஸோ பல்லாண்டுகளாக உள்துறை அமைச்சகத்தின் அலுவலகக் குறிப்பாணைகளைக் கொண்டே நடந்து வந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் குறிப்பாணையின்படி ஓராண்டில் அது தானாகக் காலாவதியாகும். 2021இல் வந்த புதிய நெறிமுறையில் அதை மாற்றி, போட்டவரே எடுக்கச் சொல்லும் வரை அது நீடிக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார், அடுத்தவருக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் நிலையத்தில் முதல் இரண்டு நாள் "எதுவும் இல்லை" என்று சொன்னது பொய்யாகக்கூட இருந்திருக்காது.

இந்த அதிகாரம் எப்படிப் பெருகுகிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். 2018இல் பொதுத்துறை வங்கித் தலைவர்களுக்கும், கடன் கட்டாதவர்மீது இந்த நோட்டீஸைக் கேட்கும் அதிகாரம் தரப்பட்டது. 2024 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குற்றவாளி தப்பிப்பதைத் தடுக்க வைத்த கதவு, வங்கிக் கடனை வசூலிக்கும் கருவியாகியிருந்தது.

காக்கி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடுமை வேண்டும் என்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு விமானக் கடத்தல் தடுப்புச் சட்டத்தில் மிரட்டலுக்கும் கடத்தலுக்குரிய தண்டனையே உண்டு. 2017இல் மும்பையில் இருந்து டெல்லிக்குப் போன விமானத்தின் கழிப்பறையில் ஒரு மிரட்டல் துண்டுச்சீட்டு கிடைத்தது. அதற்காக ஒரு வணிகருக்கு 2019இல் அகமதாபாத் தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனையும் ஐந்து கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2023இல் குஜராத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் சிறையில் கழித்தார். தண்டனை பெரிதாகப் பெரிதாக ஆதாரத்தின் தேவை குறைந்துவிடுவதில்லை. ஆனால் குறைந்துவிட்டது போல விசாரணை அமைப்புகள் நடந்துகொள்கின்றன.


வியாசர்பாடி ஆசிரியை எழுதியது:

வழக்குரைஞர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும், சட்டம் மிகுந்துவிட்டது என்பதை இங்கே குடியிருப்பவள் என்ற முறையில் அப்படியே ஏற்க முடியவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் பள்ளி விட்டு வரும் வழியில் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் இன்றும் தழும்பு இருக்கிறது. பிடிபட்ட இருவரில் ஒருவன் ஜாமீனில் வந்து, அடுத்த வாரமே இன்னொரு பெண்ணிடம் அதையே செய்தான். அவன்மீது குண்டர் சட்டம் பாய்ந்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் இருட்டிய பிறகு வெளியே வந்தார்கள். அடையாற்றிலும் அண்ணா நகரிலும் உட்கார்ந்து தனிமனித உரிமை பேசுவது சுலபம்.

அதே வேளையில் என் மாணவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பிளஸ் டூ முடித்து டெலிவரி வேலை பார்க்கும் பையன்களை இரவில் நிறுத்தி, கைப்பேசியில் முகத்தைப் படம் பிடித்து, பெயரும் தெருவும் கேட்டுவிட்டு அனுப்புகிறார்கள். தெருவின் பெயரைச் சொன்னவுடன் கேள்வியின் தொனி மாறுகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் படம் எங்கே போகிறது, எத்தனை ஆண்டு இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விமான நிலையத்தில் இப்போது முகத்தையே நுழைவுச்சீட்டாக்கி வரிசை இல்லாமல் விடுகிறார்களாம்; அங்கே அதற்கு வசதி என்று பெயர். என் பையன்களுக்கு அதே முகம் வேறு வகையில் பயன்படுகிறது. ஆகவே குண்டர் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; அது யார்மீது பாய்கிறது என்பதைத்தான் கேட்பேன்.


பாரிமுனை வழக்குரைஞர் மீண்டும் எழுதியது:

ஆசிரியை அம்மா, உங்கள் கழுத்துத் தழும்புக்கு என்னிடம் விடை கிடையாது. அவன் ஜாமீனில் வந்து மறுபடியும் செய்தான் என்றால், அந்த ஜாமீனை ரத்து செய்யக் கோரும் வழி சாதாரணச் சட்டத்திலேயே இருந்தது. அதைச் செய்ய அரசுத் தரப்பு உழைக்க வேண்டும், நீதிபதிக்கு விளக்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் அந்த உழைப்புத் தேவையில்லை. சென்னையில் ஆணையரின் கையெழுத்துப் போதும். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை புழலில் வைக்கலாம். அந்தக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்குரைஞர் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர்கள் என்று தொடங்கிய பட்டியலில் பிறகு திருட்டு விசிடி, மணல், இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் எனச் சேர்ந்துகொண்டே போனது.

சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் சென்னையில் இருந்து போன குண்டர் சட்ட வழக்கில்தான். அதன் பிறகும் வாரந்தோறும் ஆட்கொணர்வு மனுக்கள் வருகின்றன. காவலில் இருப்பவரின் முறையீட்டுக் கடிதத்தைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியாதது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் ஆவணம் என்ற காரணங்களுக்காக உத்தரவுகள் ரத்தாகின்றன. ஆனால் அந்த நாள் வருவதற்குள் ஆறேழு மாதம் உள்ளே கழிந்திருக்கும். உண்மையான ரவுடிக்கு வழக்குரைஞர் இருக்கிறார், அவன் மூன்றாம் மாதமே வெளியே வருகிறான். உங்கள் மாணவனாக இருந்தால் அவனுடைய அம்மா யாரைப் பார்ப்பார்?

நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு பழைய வழக்கையும் சொல்ல வேண்டும். 1950இல் ஏ.கே.கோபாலன், மதராஸ் மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆம் பிரிவை மட்டும் செல்லாது என்று வெட்டிப்போட்டது. அரசுக்கு அவ்வளவு இடம் கொடுத்த அந்த அமர்வே, காரணத்தை மறைப்பதை மட்டும் ஏற்கவில்லை. அக்காவின் தம்பிக்கு 75 ஆண்டு கழித்தும் அதுதான் நடந்திருக்கிறது.

முகப் படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் அளவுகளையும் படங்களையும் 75 ஆண்டு வைத்திருக்க இடம் தருகிறது. விடுதலையானால் அழிக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. தெருவில் நிறுத்திப் படம் எடுப்பது அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. கைதும் இல்லாமல், நடுவரின் உத்தரவும் இல்லாமல் தெருவில் ஒருவரை அளவெடுக்க அதில் இடம் எங்கே?


மண்ணடி பாய் எழுதியது:

நான் சட்டம் படித்தவன் இல்லை. பர்மா பஜாரில் நாற்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் காலத்தில் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போய்ச் சாமான் கொண்டுவருபவரைக் குருவி என்போம். வாரம் ஒரு முறை பறந்துபோய், கேமராவும் வாசனைத் தைலமும் துணியும் சுமந்து வந்து, கூலி வாங்கிக்கொள்வார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் என்ன குற்றம் செய்கிறோம் என்பதே தெரியாது. அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்திய ஃபெரா சட்டம், சுங்கச் சட்டம், அதற்கு மேல் கடத்தலைத் தடுக்க 1974இல் வந்த காஃபிபோசா தடுப்புக் காவல். பக்கத்துச் சௌகார்பேட்டையில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. சாதாரண ஒருவரின் வீட்டில் ஒரு சிறு தங்கக் கட்டி இருந்தால் அதுவே குற்றம். 1990இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். ஃபெராவை எடுத்து, சிறைக்குப் பதில் அபராதம் என்று ஃபெமா சட்டத்தை 2000இல் கொண்டுவந்தார்கள். நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. நேற்றுவரை ஜெயிலுக்குப் போனவன் அதே வேலையைச் செய்து மறுநாள் வியாபாரி ஆனான். அவன் மாறவில்லை, புத்தகம் மாறியது.

ஆனால் ஒன்று சொல்வேன். சுங்கத்துறையினர் எங்களை எத்தனை கெடுபிடி செய்தாலும், பொருளைப் பிடித்தால் மகஜர் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி, நகல் தருவார்கள். அந்த நகலைத் தூக்கிக்கொண்டுதான் ராஜாஜி சாலையில் இருந்து நடந்து உயர் நீதிமன்றத்துக்குப் போவோம். உடம்பைச் சோதிக்க வந்தால் உயர் அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னால் சோதியுங்கள் என்று கேட்கச் சட்டத்திலேயே 102 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. விமான நிலையத்தில் இறங்கிய ஓர் இலங்கைப் பெண்ணின் தாலியைக் கழற்றி வாங்கியதை நம் உயர் நீதிமன்றம் 2025இல் கண்டித்து, நகையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதே, அந்த அம்மாவின் கையிலும் ஏதோ ஒரு காகிதம் இருந்திருக்கும், அதனால்தான் அந்த வழக்கு நின்றிருக்கும். அக்காவின் தம்பிக்கு அதுகூட இல்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருக்கிறது.

விமானத்தில் இருந்து இறங்கியதும் கைதானவர்களையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2002 ஜூலையில் வைகோ அமெரிக்காவில் இருந்து வந்து இறங்கியபோது, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காகப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சென்னை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அந்தப் பொடாவும் 2004இல் போய்விட்டது. 2018இல் தூத்துக்குடி விமான நிலையத்தில் மத்திய ஆளுங்கட்சிக்கு எதிராக முழக்கமிட்டார் என்று ஓர் ஆராய்ச்சி மாணவியைக் கைது செய்தார்கள். அந்த வழக்கை ரத்து செய்ய 2023 வரை ஆயிற்று. பெரிய தலைவருக்கு ஊரே பேசியது. மாணவிக்குப் பத்திரிகைகள் பேசின. வெல்டருக்கு நாம்தான் பேச வேண்டும்.


கொருக்குப்பேட்டை அக்கா மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே தேடினோம். வழக்கு எண் கிடைத்தது. மறியல் நடந்தது 2017 மே மாதம்; குற்றப்பத்திரிகை தாக்கலானது 2019 செப்டம்பர். தாமதத்துக்குக் காரணம் காட்டிய மனு எதுவும் கோப்பில் இல்லை. சம்மனின் பின்புறத்தில் "வீடு இடிக்கப்பட்டுவிட்டது, விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திருப்பியிருக்கிறார்கள். வீடு இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை தம்பி ஆஜரானான். காலை பத்தரைக்குப் போய், பிற்பகல் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்ததும் வாரண்டைத் திரும்பப் பெற்று உத்தரவிட்டார்கள். ஐந்து நிமிடம்தான். வெளியே ஒருவர், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடச் சொல்லித் தொடர்ந்து வந்தார், தம்பி மறுத்துவிட்டான். உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்திருக்கிறோம். கணினியில் இருக்கும் குறிப்பை நீக்குவதற்கு நிலையத்தில் இருந்து மேலிடத்துக்குக் கடிதம் போக வேண்டுமாம்; போய்விட்டது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கடிதத்தின் நகல் கேட்டேன். தர முடியாது என்றார்கள். பதிவுத் தபாலில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூர் நிறுவனம் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது.

காக்கி ஐயா, அப்பா உங்கள் பதிலைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மீனம்பாக்கம் வெடிப்பு அவருக்கு நினைவில் இருக்கிறது. அப்போது அவர் துறைமுகத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தாராம். பாதுகாப்பு வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் அந்தச் சம்மனின் பின்புறத்தைக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

இன்னொன்று. அந்த முதல் தகவல் அறிக்கையில் தம்பியோடு சேர்த்து 41 பெயர்கள் இருக்கின்றன, அதில் 29 பேர் பெண்கள். என் பெயர் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. அம்மாவின் பெயர் இருக்கிறது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இன்னும் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு போகிறேன். வழக்குரைஞர் ஐயா, அத்தனை பேருக்கும் ஒரே மனுவாகப் போட முடியுமா, அல்லது ஒவ்வொருவரும் தனித்தனியாக வர வேண்டுமா?